இரண்டாம் பாகம் ஏன் ஏமாற்றுகிறது? கேம் சீக்வல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய கேம் ஒன்றின் அடுத்த பாகம், அதாவது சீக்வல், வெளியாகும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் கிளம்புகின்றன. கேமின் பெயர் மட்டும் மாறுகிறது. அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: மெட்டல் கியர் சாலிட் 2, மாஸ் எஃபெக்ட் 3, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஆகியவற்றின் கதைத் திருப்பங்கள் கீழே வருகின்றன. இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பதில்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சீக்வல் பிடிக்கவில்லை. குறை கேமில் இருக்கிறதா, என் எதிர்பார்ப்பில் இருக்கிறதா?

எது உறுத்தியது என்பதை முதலில் பாருங்கள். கேம் ஒழுங்காக ஓடவே இல்லையா? நன்றாக ஓடுகிறது, ஆனால் உங்களுக்குப் பழக்கமான கேமாக இல்லையா? அல்லது விற்கும்போது சொன்ன அம்சம் உள்ளே இல்லையா? மூன்றும் வேறு வேறு விஷயம். ஓடாத கேம் என்பது பழுதான பொருள், அதில் உங்கள் எதிர்பார்ப்புக்கு எந்தப் பங்கும் இல்லை. சொன்னதைத் தராதது வாக்குத் தவறியது, அதிலும் உங்கள் மேல் குற்றமில்லை. நடுவில் இருக்கிற 'வேறு கேமாகிவிட்டது' என்ற வருத்தத்தில்தான் உங்கள் மனதுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கோபத்தில் இருக்கும்போது இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரைக்காட்சி மாறுகிறது என்பது) விழுந்து எரிச்சலானவருக்குக் கதையும் மட்டமாகத் தெரியும், இசையும் மட்டமாகத் தெரியும். பேட்ச் என்ற திருத்தக் கோப்பு வந்து ஃப்ரேம் ரேட் சரியானதும் அதே கதை பரவாயில்லை என்றாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒப்பிடுவது எதோடு என்பதை மறந்துவிடுகிறோம். நகரம் கட்டும் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 வெளிவந்தது 2023 அக்டோபரில். முதல் பாகம் வந்தது 2015-இல். அந்த எட்டு ஆண்டுகளில் சேர்ந்த டிஎல்சிகள் (பிறகு வெளியிடும் கூடுதல் பகுதிகள்), ரசிகர்கள் தாங்களே செய்த மாற்றங்களான மோட்கள், எத்தனையோ பேட்ச்கள் எல்லாம் சேர்ந்ததைத்தான் மனதில் 'முதல் பாகம்' என்று வைத்திருந்தோம். புதியது முதல் நாளிலேயே அதோடு மோத வேண்டியிருந்தது. இதற்காக நிறுவனத்தை மன்னித்துவிடச் சொல்லவில்லை. 'முன்னாடி இருந்தது இதில் இல்லையே' என்ற குறை ஏன் எல்லா சீக்வலிலும் வருகிறது என்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

அப்படியே இருந்தால் 'பழசையே திரும்ப விற்கிறார்கள்' என்கிறோம், மாற்றினால் 'கெடுத்துட்டாங்க' என்கிறோம். டெவலப்பர் என்னதான் செய்வார்?

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1986-இல் ஜப்பானில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2, முதல் பாகத்தின் தோற்றத்தையே வைத்துக்கொண்டு கஷ்டத்தை மட்டும் ஏகத்துக்கும் கூட்டியது. அமெரிக்கச் சந்தைக்கு இது சரிப்படாது என்று நின்டென்டோ முடிவு செய்து, டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு கேமை எடுத்து, மாரியோ பாத்திரங்களை அதில் நுழைத்து, 1988-இல் அங்கே சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 என்று வெளியிட்டது. ஒரே பெயரில் இரண்டு சீக்வல்: ஒன்று மாறவே இல்லை, இன்னொன்று ஆளே மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆள் மாறியதுதான் நன்றாகப் போனது. பிற்பாடு ஜப்பானிலும் அதை வெளியிட்டார்கள்.

சிவிலைசேஷன் கேம்களைச் செய்யும் ஃபிராக்சிஸ் நிறுவனத்தில் ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்றில் ஒரு பங்கு பழையபடியே, ஒரு பங்கு பழையதை மெருகேற்றியது, ஒரு பங்கு முற்றிலும் புதியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மூன்றில் ஒரு பங்கை மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-இல், ஒரு யுகம் முடிந்து அடுத்த யுகம் தொடங்கும்போது நீங்கள் ஆளும் நாகரிகத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளி வரை கொண்டுபோவதுதான் இந்தத் தொடரின் சுகம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அடிமடியிலேயே கைவைத்த மாதிரி ஆகிவிட்டது. பிசி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ரிவ்யூக்கள் கலவையாகத்தான் வந்தன.

என் கருத்து இது: ரசிகர்கள் மாற்றத்தை வெறுப்பதில்லை. எதற்காக அந்தக் கேமுக்கு வந்தார்களோ அதைத் தொட்டால்தான் வெறுக்கிறார்கள். அது எது என்பது செய்தவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை.

டிரெய்லரில் ஒன்று காட்டி, கையில் வேறொன்றைக் கொடுக்கிறார்களே. இது ஏமாற்று இல்லையா?

எல்லா நேரமும் இல்லை. இரண்டு மூன்று விதமாக இது நடக்கிறது.

கேம் பாதிகூட முடியாத நிலையில், ஒரு சின்னத் துண்டை மட்டும் இழைத்து இழைத்துச் செய்து மேடையில் காட்டுவது வழக்கம். அந்தத் துண்டு சக்தி வாய்ந்த கணினியில், எண்ணி வைத்த நான்கு எதிரிகளோடு ஓடும். அதே தரத்தில் ஒரு முழு உலகத்தையும் வீட்டிலிருக்கும் கன்சோலில் ஓட்ட முடியாது என்று தெரிய வரும்போது வெளிச்சம், புகை, தூரத்துக் காட்சி எல்லாம் குறைக்கப்படும். தி விட்சர் 3-க்கு 2013-இல் காட்டியதும் 2015-இல் வந்ததும் ஒன்றில்லை என்று பெரிய சண்டையே நடந்தது. இருந்தும் அந்த கேமை இன்று யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. உள்ளே சரக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, விளம்பரம் என்று நினைக்காமலே காட்டியதை நாம் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. 2000-இல் நின்டென்டோ புதிய கேம்கியூப் கன்சோலின் திறனைக் காட்ட, செல்டா தொடரின் நாயகன் லிங்க்கும் வில்லன் கானன்டார்ஃபும் நிஜ மனிதர்கள் போல வாள் சண்டை போடும் ஒரு காட்சியைக் காட்டியது. அடுத்த செல்டா இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மறு ஆண்டு காட்டிய புதிய செல்டாவான விண்ட் வேக்கரோ கார்ட்டூன் மாதிரி இருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள்.

அப்புறம், வேண்டுமென்றே திசைதிருப்புவது. 2001-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 2-இன் டிரெய்லர்கள் முழுக்க முதல் பாகத்தின் நாயகன் ஸ்னேக்தான். கேமிலோ முதல் அத்தியாயத்தோடு ஸ்னேக்கை ஓரங்கட்டிவிட்டு, ரைடன் என்ற புது இளைஞனைக் கையில் கொடுத்தார்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இன் டிரெய்லர் ஒன்றில் முதல் பாகத்தின் நாயகன் ஜோயல் வந்து, அதில் அவர் காப்பாற்றிய எல்லியின் வாயைப் பொத்துவார். கேமில் அந்த இடத்தில் வருவது ஜெஸ்ஸி என்ற வேறு பாத்திரம். ஜோயலின் மரணம் போன்ற கதை அதிர்ச்சிகளைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்தார்கள். ஆனால் ஜோயலுக்காகவே பணம் கட்டியவருக்கு அந்த விளக்கம் சப்பைக்கட்டாகத்தான் தெரியும். எனக்கும் இதில் பணம் கட்டியவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆச்சரியத்தை ஒளித்து வைக்கலாம், இல்லாததை இருப்பதாகக் காட்டக் கூடாது.

நிறைய ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் கேம் நன்றாக வரும்தானே?

டியூக் நியூகெம் ஃபாரெவர் 1997-இல் அறிவிக்கப்பட்டது. வந்தது 2011-இல். இடையில் கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜினை மாற்றினார்கள், செய்ததைத் தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கினார்கள், கடைசியில் வேறு நிறுவனம் வந்து முடித்துக் கொடுத்தது. 14 ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்தது, காலம் தாண்டிப்போன ஒரு கேம். மறுபக்கம் டிராகன் ஏஜ் 2. முதல் பாகம் 2009 நவம்பரில், இது 2011 மார்ச்சில். அந்த அவசரம் கேமில் அப்படியே தெரியும்: ஒரே குகைக்குள் திரும்பத் திரும்பப் போவீர்கள், கதவுகள் மட்டும் வேறு வேறு இடத்தில் அடைத்திருக்கும்.

ஆக, ஆண்டுக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. தாமதம் எதனால் என்பதுதான் விஷயம். ஒரே குழு, ஒரே திட்டம், மெதுவாக மெருகேற்றுகிறார்கள் என்றால் நம்பலாம். ஹாலோ நைட்: சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. அதைச் செய்த டீம் செர்ரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். வெளியான நேரத்தில் கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்படப் பல கடைகள் திணறின. கேமும் பெரும்பாலோரை ஏமாற்றவில்லை. ஆனால் அதிலும் குறை சொன்னவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே அடி பலமாக விழுகிறது என்றார்கள், முதல் பேட்சிலேயே ஆரம்ப கட்ட பாஸ் (பெரிய எதிரி) இரண்டைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். சீன மொழிபெயர்ப்பு மோசமாக இருந்ததால் அந்த மொழி ரிவ்யூக்கள் மட்டும் தனியாகச் சிவந்து கிடந்தன. ஒரே கேம், ஒரே நாள், மொழிக்கு மொழி வேறு அனுபவம்.

ஸ்டுடியோ கைமாறியது, இயக்குநர் வெளியேறினார், என்ஜின் மாறியது என்ற செய்திகள் வந்தால் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பெரிய நிறுவனம், வெளியான அன்றே கேம் ஓடவில்லை. எப்படி?

2012 மே 15 அன்று டயப்ளோ 3 வெளியானது. தனியாக ஆடுபவரும் இணையத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நுழைய முயன்றதும் சர்வர் படுத்தது. திரையில் வந்த 'எரர் 37' பல நாள் கேலிப் பொருளானது. பாடம் கற்றிருப்பார்கள் என்று பார்த்தால், அடுத்த ஆண்டே சிம்சிட்டிக்கு அதே கதி. பத்தாண்டு கழித்து, 2023-இல், பேடே 3-க்கும் அதே.

நிறுவனங்கள் சோதிக்காமல் விடுவதில்லை. ஆனால் உள்ளே வைத்துச் சோதிக்கும்போது முதல் நாள் நெரிசலை உருவாக்கிப் பார்ப்பது கஷ்டம். அந்த ஒரு வார நெரிசலுக்காக நிரந்தரமாகச் செலவழிக்கவும் மனசு வராது. அதைவிடப் பெரிய காரணம் தேதி. நிதியாண்டு முடிவதற்குள் விற்பனைக் கணக்கு காட்ட வேண்டும், விளம்பர இடங்களுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, பெட்டிகள் கடைகளுக்குக் கிளம்பிவிட்டன. கேம் தயாராகவில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தேதி மட்டும் நகராது.

இதில் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 கொஞ்சம் தனி ரகம். நினைத்த வேகத்தை எட்டவில்லை என்று வெளியிடும் முன்பே அதைச் செய்த கொலோசல் ஆர்டர் நிறுவனம் சொல்லிவிட்டது. கன்சோல் பதிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, பிசி பதிப்பை மட்டும் அதே தேதியில் விட்டார்கள். உள்ளே தோண்டிப் பார்த்தவர்கள், தெருவில் புள்ளியாகத் தெரியும் குடிமக்களின் மாடலில் பற்கள்வரை செதுக்கி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது எளிய மாடலுக்கு மாறும் வசதி பல இடங்களில் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு யாரும் பார்க்காத பல்லை வரைந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, இதையெல்லாம் சரிசெய்து முடிக்கும் முன் 2024 மார்ச்சில் கடற்கரை வீடுகளுக்கான டிஎல்சி ஒன்றை விலைக்கு விட்டார்கள். எதிர்ப்பு தாங்காமல் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதை இலவசமாக்கினார்கள்.

கதை பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்த நாயகனைக் கொன்றுவிட்டார்கள். கோபப்படுவது தப்பா?

தப்பே இல்லை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தின் பெரும்பகுதி ஜோயலாக நடந்து, அவர் கையால் எல்லியைக் காப்பாற்றிய ஒருவரிடம், இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே அவரை அடித்துக் கொன்று, அப்புறம் கொன்ற ஆப்பி என்ற பெண்ணையே பல மணி நேரம் ஆட வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். கோபம் வர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அந்தக் கோபம் மெல்ல ஆப்பியின் பக்கம் இருந்தும் பார்க்கவைக்கிறது, சிலருக்கு அது கடைசிவரை நடக்கவே இல்லை. இரண்டுமே கேமை ஒழுங்காக ஆடியவர்களின் அனுபவம்தான்.

2020 ஜூனில் வந்த அந்த கேம் முதல் மூன்று நாளில் 40 லட்சத்துக்கு மேல் விற்றது, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது, கூடவே அந்த ஆண்டின் மிகப் பெரிய சண்டையையும் கிளப்பியது. வெளிவரும் முன்பே, ஏப்ரலில், முக்கியக் காட்சிகள் லீக் ஆகிவிட்டன. கதையின் எலும்பை மட்டும் படித்துவிட்டுப் பலர் ஆடாமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அது வேறு வகை.

ஆனால் எல்லை ஒன்று இருக்கிறது. ஆப்பிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் எழுதாத கதைக்காக. இதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை.

முடிவு பிடிக்காவிட்டால் மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? கேட்டால் மாற்றுவார்களா?

கேட்கலாம். மாஸ் எஃபெக்ட் 3 கதை தெரிந்தால் எப்போது பலிக்கும் என்பதும் புரியும்.

தொடரில் மூன்று கேம்கள், ஆடுபவர் தானே எடுக்கும் நூற்றுக்கணக்கான முடிவுகள். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பதெல்லாம் பாகத்துக்குப் பாகம் தொடர்ந்து வரும். 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வரும் முன், ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லக்கூடிய முடிவாக இருக்காது என்று இயக்குநரே பேட்டியில் சொல்லியிருந்தார். வந்ததோ கிட்டத்தட்ட அதேதான். சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறும் வெடிப்பு, மற்றபடி ஏறக்குறைய ஒரே காட்சி. ஆடுபவர் எடுத்த முடிவுகள் எல்லாம் என்ன ஆயின என்று தெரியவே இல்லை.

ரசிகர்களின் எதிர்ப்பில் கோபமும் இருந்தது, குறும்பும் இருந்தது. சிலர் குழந்தைகளுக்கான ஒரு அறக்கட்டளைக்கு நிதி திரட்டிக் காட்டினார்கள். இன்னும் சிலர் கேமைச் செய்த பயோவேர் அலுவலகத்துக்கு 400 கப்கேக் அனுப்பினார்கள்: சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம், கடித்தால் எல்லாம் ஒரே சுவை. ஒரு விமர்சனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஜூனிலேயே பயோவேர் 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற இலவச டிஎல்சியை வெளியிட்டது. முடிவை மாற்றவில்லை, விளக்கினார்கள். துணை வந்தவர்களுக்கு என்ன ஆனது, உலகங்களுக்கு என்ன ஆனது என்பதைக் காட்டினார்கள்.

பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர்கள் கேட்டது சந்தோஷமான முடிவை இல்லை, தாங்கள் செய்ததற்கு ஒரு கணக்கை. நிறுவனம் சொன்ன சொல்லை எடுத்துக்காட்டிக் கேட்டதால்தான் அதற்கு மதிப்பு இருந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் விஷயத்தில் அப்படி ஒரு சொல் இல்லை, யாரும் ஜோயல் உயிரோடு இருப்பார் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அங்கே எதுவும் மாறவும் இல்லை.

ரிவ்யூவில் எல்லோரும் சேர்ந்து பூஜ்யம் போட்டால் வேலை நடக்குமா?

சத்தம் நடக்கும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வெளிவந்து சில மணி நேரத்திலேயே, முடித்திருக்கவே முடியாத ஆட்களின் பூஜ்யங்கள் விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் குவிந்தன. விளைவு: அடுத்த மாதமே அந்தத் தளம், கேம் வெளியாகி 36 மணி நேரம் ஆன பிறகுதான் பயனர் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. ஸ்டீம் 2017-இல் ரிவ்யூக்கள் எப்போது வந்தன என்று காட்டும் வரைபடத்தைச் சேர்த்தது, 2019 முதல் கேமுக்குச் சம்பந்தமில்லாத ரிவ்யூ வெள்ளத்தை மொத்த மதிப்பெண்ணிலிருந்து கழித்துவிடுகிறது. பூஜ்ய மழை பெய்யப் பெய்ய, குடையும் பெரிதாகிறது.

பலித்த சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வெளியாகும் முன், டார்த் வேடர் போன்ற நாயகர்களைத் திறக்க எக்கச்சக்கமாக ஆட வேண்டும், அல்லது லூட் பாக்ஸில் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியில்) பணத்தைக் கொட்ட வேண்டும் என்று தெரிந்தது. அதை நியாயப்படுத்தி ரெட்டிட்டில் நிறுவனம் எழுதிய ஒரே பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டு விழுந்து, கின்னஸில் ஏறியது. வெளியாகும் முந்தைய நாள் பணம் வாங்கும் வசதியை நிறுத்திவிட்டார்கள். அங்கே குறை தெளிவு, எல்லோரும் சொன்னது ஒரே விஷயம், சொன்னது விற்பனைக்கு முன். இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

சொன்ன அம்சத்தையே ரத்து செய்துவிட்டார்கள் என்றால்?

இதைத்தான் என்னால் எளிதில் மன்னிக்க முடிவதில்லை.

2019 நவம்பரில் ஓவர்வாட்ச் 2 அறிவிக்கப்பட்டபோது, அது ஏன் தனி கேம் என்ற கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது நண்பர்களோடு சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடும் கதை முறைதான். நாயகர்களைப் படிப்படியாக வளர்க்கும் ஹீரோ மிஷன்களைக் காட்டினார்கள். 2022 அக்டோபரில் கேம் வந்தபோது அது இல்லை, பின்னால் வரும் என்றார்கள். 2023 மே மாதம், ஹீரோ மிஷன்கள் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் கேம் ஸ்டீமுக்கு வந்ததும் அங்கே அதுவரை மிக மோசமாக விமர்சிக்கப்பட்ட கேம்களின் வரிசையில் உச்சிக்குப் போனது. மேலே சொன்ன பூஜ்ய மழையோடு இதையும் சேர்க்க மாட்டேன். நான்கு ஆண்டுக் காத்திருப்பை வேறு எங்கே போய்ச் சொல்வது?

ராக்கெட் கட்டும் கேமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 இன்னும் சோகம். விண்மீன்களுக்கு இடையே பயணம், வேற்றுக்கோள் குடியிருப்பு, மல்டிபிளேயர் என்று 2019-இல் அறிவித்தார்கள். 2023 பிப்ரவரியில் எர்லி ஆக்சஸ் (முடியாத கேமை முன்கூட்டியே விற்பது) என்று 50 டாலருக்கு விற்றபோது இந்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே இல்லை, முதல் பாகத்தில் இருந்த சில விஷயங்களும் இல்லை. 2024-இல் ஸ்டுடியோவில் ஆட்குறைப்பு, வேலை நின்றது. அந்த மூன்றும் வரவே இல்லை.

எர்லி ஆக்சஸில் வாங்கினால், வரப்போவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்றைக்கு இருப்பது அந்த விலைக்குத் தகுமா என்று மட்டும் பாருங்கள்.

ரீஃபண்ட் கிடைக்குமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் காரணம் கேட்காமல் தருவார்கள். நீளமான தொடக்கக் காட்சிகளே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும், கவனம். சில நாள் முன்கூட்டியே ஆடத் தரும் உயர்விலைப் பதிப்புகளில் அந்த நேரமும் கணக்கில் சேரும், 2024 ஏப்ரலில் இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். கன்சோல் கடைகளில் விதிகள் வேறு, பல சமயம் இன்னும் கறார். வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

ப்ரீ-ஆர்டர் (வெளியாகும் முன்பே பணம் கட்டி வாங்குவது)?

வேண்டாம். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது.

பொறுத்திருந்தால் தேறிவிடுமா?

என்ன வகைக் குறை என்பதைப் பொறுத்தது. டயப்ளோ 3 நல்ல உதாரணம். சர்வர் சில வாரத்தில் சரியானது, ஆனால் கேமின் நோய் வேறு இடத்தில் இருந்தது: நிஜப் பணத்துக்கு ஆயுதம் வாங்கும் ஏலக் கூடம். நல்ல பொருள் எதிரியிடமிருந்து கிடைப்பதை விடக் கடையில் எளிதாகக் கிடைத்தால், எதிரியை எதற்கு அடிப்பது? 2014 மார்ச்சில் அதை மூடினார்கள், பொருள் கிடைக்கும் முறையையே திருத்தினார்கள், அதே மாதம் ரீப்பர் ஆஃப் சோல்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது. கேம் எழுந்து உட்கார்ந்தது.

மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2017 மார்ச்சில் வந்தது, பொம்மை மாதிரி அசைந்த முகங்களைச் சில பேட்ச்களில் ஓரளவு சரிசெய்தார்கள், ஆகஸ்டிலேயே இனிக் கதை டிஎல்சி கிடையாது என்று முடித்துக்கொண்டார்கள்.

கேம் இன்னும் நன்றாக விற்கிறதா, அதே குழு அதில் வேலை செய்கிறதா, பேட்ச் குறிப்புகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பாருங்கள். இவை இருந்தால் ஓராண்டு பொறுக்கலாம். 'மேலும் தகவல்கள் விரைவில்' என்று மட்டும் வந்துகொண்டிருந்தால் வேறு கேமைப் பாருங்கள்.

அன்று வெறுத்த சீக்வல் இப்போது பிடிக்கிறது. எப்படி?

திசை மாறியதற்காகத் திட்டு வாங்கிய கேம்களுக்குத்தான் இது நடக்கும். விண்ட் வேக்கரின் கார்ட்டூன் தோற்றம் இன்றும் பழையதாகத் தெரியவில்லை, அதே காலத்தில் நிஜம் மாதிரி வரைந்த பல கேம்கள் கிழடு தட்டிவிட்டன. போலித் தகவல் வெள்ளத்தில் மனிதர்களை யார் வழிநடத்துவது என்று பேசிய மெட்டல் கியர் சாலிட் 2-இன் கடைசி உரையாடல், 2001-இல் உளறல் என்று தோன்றியது. இப்போது கேட்டால் முதுகு சில்லிடும். எதிர்பார்ப்பு மங்கிய பிறகு கேம் மட்டும் மிச்சமிருக்கிறது.

சில கேம்களை ரசிகர்களே தூக்கி நிறுத்துகிறார்கள். 2004-இல் அவசரமாக வெளியான ஸ்டார் வார்ஸ் கோட்டார் (நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்) 2-இன் கோப்புகளுக்குள் வெட்டப்பட்ட காட்சிகள் பாதியில் கிடந்தன. மோட் செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை ஒட்டிக் கொடுத்தார்கள். இன்று அந்த மோட் போட்டு ஆடுவதைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள்.

எல்லோரும் திட்டும் சீக்வல் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, ஆடுங்கள்.

குறையை எப்படிச் சொன்னால் டெவலப்பர் காதில் விழும்?

எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று சொல்லுங்கள். 'சண்டை மோசம்' என்பதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. 'இரண்டாவது பாஸுக்கு முன் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கிறது, தோற்றால் மறுபடி நடை' என்றால் திருத்தலாம். எது உறுத்துகிறது என்பதில் ஆடுபவர்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறார்கள், ஏன் உறுத்துகிறது, எப்படித் திருத்துவது என்பதில் அடிக்கடி தவறுகிறார்கள். ஆகவே தீர்வை விட்டுவிட்டு வலியை விவரியுங்கள். முதல் பாகத்தில் அதே இடம் எப்படி இருந்தது என்றும் எழுதினால் இன்னும் நல்லது. பக் (நிரல் பிழை) என்றால் அதற்கென்று இருக்கும் படிவத்தில் போடுங்கள், ரிவ்யூவில் எழுதினால் அது பழுது பார்ப்பவரின் மேசைக்குப் போகும் என்று நிச்சயம் இல்லை.

இதெல்லாம் வேண்டாம், முதல் பாகத்துக்கே திரும்பிப் போய்விடலாமா?

பெரும்பாலும் போகலாம். கெர்பல் முதல் பாகமும், சிட்டீஸ் முதல் பாகமும் இன்றும் நன்றாக ஓடுகின்றன, மோட்களோடு. ஆனால் சில சீக்வல்கள் வரும்போது பழையதைத் துடைத்துவிட்டு வருகின்றன. ஓவர்வாட்ச் 2 வந்ததும் முதல் ஓவர்வாட்சின் சர்வர்களை அணைத்துவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் வழியில்லை. 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்டிரைக் 2 வந்தபோது முந்தைய பாகமான சிஎஸ்:கோ இருந்த இடத்திலேயே அது உட்கார்ந்துகொண்டது. பழையது ஸ்டீம் அமைப்புகளுக்குள் ஒரு தனிப் பதிப்பாக ஒதுங்கியது. வார்கிராஃப்ட் 3-இன் புதுப்பித்த பதிப்பு 2020-இல் வந்தபோது பழைய பதிப்பு மட்டும் வைத்திருந்தவர்களும் புதிய நிரலுக்கு மாற வேண்டியதாயிற்று.

சர்வரை நம்பி இருக்கும் கேம் என்றால், சீக்வல் அறிவிப்பு வந்த அன்றே பழையதற்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். தனியாக ஆடும் கேம் என்றால் சேவ் கோப்புகளையும், உங்களுக்குப் பிடித்த பதிப்புக்கான மோட்களையும் வேறு டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, ஸ்டீமில் அந்த கேமின் அப்டேட் அமைப்பை 'திறக்கும்போது மட்டும்' என்று மாற்றி வையுங்கள்.